பாய்மரப் படகில் விருந்தோம்பல்



விருந்து என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவது வீடு. கூட்டி மெழுகிய திண்ணை, விரித்த பாய், கிணற்றடியில் நிரம்பிய வாளி, அடுக்களையிலிருந்து எழும் தாளித மணம், தலைவாழை இலை ஆகிய யாவும் அக்காட்சியில் அடங்கும். விருந்தினர் கேட்குமுன் கொடுப்பதும், கேட்டதை இல்லையென்னாது கொடுப்பதுமே விருந்தோம்பலின் இலக்கணம் என்று சிறுவயது முதலே கற்று வந்திருக்கிறோம். திருவள்ளுவரும் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆனால், அந்த வீடு தண்ணீரில் மிதக்கும் வீடாயின் என்ன செய்வது? கிணறில்லை, பக்கத்துக் கடையில்லை, கதவைத் திறந்தால் கடல். விருந்தினருக்கென ஒதுக்க ஓர் அறைகூடச் சரிவர இல்லை. அத்தகைய இடத்தில் விருந்தோம்பலின் இலக்கணம் யாது? இதனையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய எண்ணுகிறேன். ஆறு நாட்கள் அப்படியொரு வீட்டில் விருந்தினனாக இருந்தவன் நான். அங்கே கண்டவற்றையும், நான் இழைத்த ஒரு பிழையையும் ஒளியாமற் கூறுவேன்.

என் பள்ளித் தோழர் ஒருவர் அயல்நாட்டிற் பொறியியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பதினொரு மீற்றர் நீளமுள்ள பாய்மரப் படகொன்றை வாங்கி, தம் மனைவியாருடன் அதிலேயே குடித்தனம் நடத்தி வந்தார். 2017 ஆம் ஆண்டில் அப்படகு மலேசியாவைச் சேர்ந்த லங்காவித் தீவுக் கூட்டத்தில் நங்கூரமிட்டிருந்தது. ஓகஸ்ட் விடுமுறையில் வந்து சில நாட்கள் தங்கிச் செல்லுமாறு என்னையும் என் மனைவியையும் அழைத்தார்.

லங்காவி, நம் கொழும்புக்கும் காலிக்கும் இடைப்பட்ட அகலக்கோட்டிலேயே அமைந்தது. ஆகவே வெயிலும் புழுக்கமும் நமக்குப் பழகியவையே. பெரிதும் சிறிதுமாகத் தொண்ணூற்றொன்பது தீவுகள் அங்கே உள்ளன என்பது வழக்கு. பல தீவுகள், கடலினின்று செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் கற்குன்றுகள். அவற்றின் மேல் அடர்ந்த காடு. காட்டின் மேல் வட்டமிடும் செம்பருந்துகள். தீவுகளுக்கிடையே அலை தணிந்த நீர்ப்பரப்புகள் இருப்பதால், உலகின் பல பாகங்களிலிருந்தும் வரும் பாய்மரப் படகுகள் அங்கு ஒதுங்குகின்றன.

தோழரின் அழைப்புக் கடிதமே எனக்கு முதற் பாடமாயிற்று. பெட்டி கொண்டுவர வேண்டாம், மடித்து வைக்கக்கூடிய துணிப்பை போதும் என்று எழுதியிருந்தார். பெட்டியைப் படகில் வைப்பதற்கு இடமில்லை. பையாயின் வெறுமையானதும் சுருட்டி வைத்துவிடலாம். அடிப்புறம் கறுத்த சப்பாத்து ஆகாது. அது மேற்றளத்திற் கறை பூசும். வழக்கமாக உண்ணும் மருந்துகளை இரு மடங்கு கொண்டுவர வேண்டும். இவற்றையெல்லாம் எழுதிய பின், கடிதத்தின் இறுதியில் வேறொன்றையும் குறித்திருந்தார். படகுக்காரரிடையே ஒரு விதி உண்டாம். விருந்தினர் தாம் புறப்படும் நாளைக் குறிக்கலாம், அல்லது புறப்படும் இடத்தைக் குறிக்கலாம்; இரண்டையும் சேர்த்துக் குறிக்கலாகாது. காற்று யாருடைய நாட்குறிப்பையும் பார்ப்பதில்லை என்பதே காரணம். நான் இதனை ஒரு வேடிக்கையாக எண்ணி நகைத்தேன். என் பிழைக்கு வித்து அங்கேயே விழுந்தது.

பினாங்கு வரை விமானத்திற் சென்று, அங்கிருந்து விசைப்படகில் லங்காவியின் கூவாத் துறையை அடைந்தோம். அன்று திங்கட்கிழமை. றப்பர்த் தோணியில் எங்களை ஏற்றிச் சென்ற தோழர், படகில் அமர்த்திக் குளிர்ந்த நீர் தந்தார். பின்பு ஒரு மணி நேரம் எமக்குப் பாடம் நடத்தினார். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகப் பிறருக்குப் பாடஞ்சொல்லி வந்த நான் மாணவனாக அமர்ந்து கேட்டேன்.

முதற் பாடம், நன்னீர். படகின் தொட்டி நானூறு லீற்றர் கொள்ளும். நால்வர் நாளொன்றுக்கு ஆளுக்குப் பத்து லீற்றராகச் செலவிட்டால் பத்து நாட்களுக்குப் போதும். வீட்டில் கிணற்றடியில் நாம் ஒரு குளிப்புக்கே நாற்பது லீற்றரைத் தலையில் ஊற்றிவிடுவோம். அப்படி ஊற்றினால் நால்வரின் ஒரு நாட் பங்கு ஒரே குளியலில் தீர்ந்துவிடும். ஆகவே, கடல்நீரில் உடலைக் கழுவி, இறுதியில் ஒரு செம்பு நன்னீரால் உப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். பாத்திரங்களையும் முதலிற் கடல்நீரிலேயே கழுவ வேண்டும்.

இரண்டாவது பாடம், மலசலகூடம். படகிலுள்ளது கைப்பம்பினால் இயங்குவது. குழாய் மிக ஒடுக்கமானது. உண்டு செரித்ததைத் தவிர வேறெதுவும் அதனுட் போகலாகாது. ஒரு துண்டுத் துணி அடைத்துக்கொண்டால், வீட்டுக்காரர் அரைநாளைக் குழாய் கழற்றுவதிற் கழிக்க நேரும். இதைச் சொல்ல அவர் கூசவில்லை. கூச்சத்தாற் சொல்லாது விட்டால், பின்னர் விருந்தினர்க்கே பெரும் சங்கடமாகும் அன்றோ?

மூன்றாவது பாடம், அடுப்பு. சமையல் வாயு காற்றினும் பாரமானது. வீட்டில் கசிந்தால் கதவு வழியே வெளியேற இடமுண்டு. படகிலோ அது அடித்தளத்துக்கு இறங்கிக் குளம்போலத் தேங்கி நிற்கும்; ஒரு தீப்பொறி போதும். ஆதலின் சமைத்து முடிந்த ஒவ்வொரு வேளையும் உருளையின் வாயிலை மூட வேண்டும்.

நான்காவது பாடம், உயிர். பாயின் அடிப்புறத்தைத் தாங்கும் கிடைமரம், காற்று மறுபுறம் மாறினால் ஒரு நொடியில் படகின் குறுக்கே வீசிப் பாயும். தலையில் அடித்தால் உயிர்க்கே ஆபத்து. எனவே மேற்றளத்தில் எழுந்து நிற்குமுன் அண்ணாந்து பார்ப்பது முறை. நடக்கும்போது ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு என்பது மாலுமிகளின் பழமொழி. எப்போதும் ஒரு கையால் எதையேனும் பற்றியிருக்க வேண்டும் என்பது பொருள். யாரேனும் நீரில் விழுந்தால் உடனே மிதவையை எறிய வேண்டும். ஒருவர் வேறெந்த வேலையும் செய்யாது, விழுந்தவரை விரலாற் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அலைகளுக்கிடையே ஒரு மனிதத் தலை தேங்காயளவே தோன்றும். கண்ணை எடுத்தால் மீண்டும் காண்பது அரிது.

இவ்வளவையும் கேட்ட என் மனைவி, “விருந்துக்கு வந்தோமா, பரீட்சைக்கு வந்தோமா?” என்று மெல்லக் கேட்டாள். தோழரின் மனைவியார் சிரித்துவிட்டு, “அக்கா, இண்டைக்கு ஒருநாள்தான். நாளைக்கு நீங்கள் வீட்டு ஆள்” என்றார். அச்சொல்லின் உண்மை மறுநாளே புலனாயிற்று.

தரையில் விருந்தினர் வேலை செய்வது வீட்டாருக்கு இழுக்கு. படகிலோ வேலையற்ற விருந்தினரே துன்புறுகிறார். கடல்நோயை எடுத்துக்கொள்ளுங்கள். நம் உட்செவியில் உடலின் அசைவை உணரும் உறுப்பு உண்டு. அது “அசைகிறோம்” என்கிறது. அறைக்குள் இருக்கும் கண்ணோ “எதுவும் அசையவில்லை” என்கிறது. இவ்விரு சாட்சியங்களும் முரண்படுவதாலேயே தலைச்சுற்றலும் குமட்டலும் தோன்றுகின்றன. இதற்குப் பரிகாரம், மேற்றளத்தின் நடுப்பகுதியிலமர்ந்து தொடுவானத்தை நோக்குவது. அதனினும் சிறந்தது, சுக்கானைப் பிடிப்பது. முதல்நாள் ஓட்டத்தைத் தோழர் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டார். முகம் வெளிறத் தொடங்கிய என் மனைவியை அழைத்துச் சுக்கானைக் கொடுத்து, அதோ அந்தக் குன்றை நோக்கிச் செலுத்துங்கள் என்றார். கால்மணி நேரத்தில் அவள் முகம் தெளிந்தது. வாயில் ஒரு துண்டு இஞ்சியும் இருந்தது. இவ்விரண்டில் எது குணமாக்கிற்று என்று இன்றளவும் எங்கள் வீட்டில் வாதம் நிகழ்வதுண்டு.

எனக்குக் கிடைத்த வேலை, படகின் குறிப்பேட்டை எழுதுவது. நேரம், காற்றின் திசை, வானத்தின் தோற்றம், காற்றழுத்தமானியின் அளவு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பாடசாலை வரவுப் பதிவேட்டில் நாள்தோறும் கையெழுத்திடும் அதிபருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டோ? காற்று வந்ததா, வரவில்லையா என்று கவனமாகப் பதிந்தேன். அப்போது ஓர் அதிசயம் கண்டேன். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தமும் கடலைப்போல நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம். விடியற்காலையிலும் மாலையிலும் நான்கு மணியளவில் தாழ்வு. இந்த ஒழுங்கு குலைந்தால் மாலுமி விழிப்படைய வேண்டும் என்றார் தோழர்.

நாட்கள் இனிதே கழிந்தன. வெயில் ஏறுமுன் சமையல் முடிந்துவிடும். மூடி பூட்டிக்கொள்ளும் அழுத்தப் பானை வாயுவையும் மிச்சப்படுத்தும், அலையிற் கவிழ்ந்தாலும் சிந்தாது. நண்பகலில் மேற்றளத்தின் மீது வெண்டுணிப் பந்தல் விரிப்போம். நிழலிலிருந்தாலும் நீரிற் பட்டுத் தெறிக்கும் ஒளி தோலைச் சுடும் என்பதால் நீண்ட கைச்சட்டை அணிந்தோம். கடலில் இறங்குமுன் சொறிமுட்டை மிதக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அவ்விடத்துச் சொறிமுட்டைகளிற் சில கொடிய நஞ்சுடையவை. அதற்கெனப் படகில் ஒரு போத்தல் வினாகிரி எப்போதும் இருந்தது. ஒரு நாள் டாயாங் புந்திங் என்னும் தீவில் இறங்கி, அங்குள்ள நன்னீர் ஏரியில் ஆசைதீரக் குளித்தோம். கடலுக்கும் அவ்வேரிக்கும் இடையே ஒடுங்கிய சுண்ணாம்புக் கற்சுவர் ஒன்றே உள்ளது. ஒருபுறம் உப்பு, மறுபுறம் இனிப்பு. ஒரு செம்பு நீரில் குளித்துப் பழகியவனுக்கே ஓர் ஏரியின் அருமை தெரியும்.

நிற்க. லங்காவி, கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. நம் முன்னோர் கடாரம் என வழங்கியது இக்கெடாவையே என்பது அறிஞர் கருத்து. முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025 ஆம் ஆண்டளவில் வந்து சென்ற கரை அது. அதற்குப் பன்னெடுங்காலம் முன்பும் பின்பும் தமிழ் வணிகர் அங்கே சென்றனர். தென்மேற்குப் பருவக்காற்றுடன் போனவர், வடகீழ்ப் பருவக்காற்று எழும்வரை ஊர்திரும்ப இயலாது. மாதக்கணக்கில் அயற்கரையிலே தங்கினர். விருந்தினரை வழியனுப்பும் நாளை அன்று வீட்டாரும் குறிக்கவில்லை, விருந்தினரும் குறிக்கவில்லை, வாடைக்காற்றே குறித்தது. இதனை நான் தோழருக்கு ஒரு மாலைப்பொழுதில் விரிவாக எடுத்துரைத்தேன். அவர் புன்னகையோடு கேட்டிருந்தார். எடுத்துரைத்தவன் அதனை உணர்ந்தானா என்பதே கேள்வி.

இனி என் பிழைக்கு வருகிறேன். பினாங்கில் எங்களுக்கு உறவினர் உண்டு. சனிக்கிழமை மாலை பாய்மரப் படகிலேயே பினாங்குத் துறைக்கு வருவோம் என்று நான் அவர்களுக்கு முன்கூட்டியே எழுதியிருந்தேன். அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு துறையில் வந்து நின்று பார்ப்பதாக இருந்தது. நாளையும் குறித்தேன், இடத்தையும் குறித்தேன். தோழரும், காலநிலை இடந்தந்தால் போகலாம் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் முற்பாதியை நான் மறந்தேன்.

அக்கடலில் அப்பருவத்திலே, சுமாத்திராத் தீவின் பக்கமிருந்து இரவில் திரளும் இடிமேகங்கள் வரிசையாக மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வந்து மோதும். அவற்றைச் சுமாத்திராப் புயற்காற்று என்பர். புதன்கிழமை அதனை நேரிற் கண்டேன். மேற்கு வானத்தில் கரிய வில்போல ஒரு மேகம் தோன்றிற்று, உடனே குளிர், அடுத்து, எதிர்பாராத பக்கத்திலிருந்து காற்று. நங்கூரத்தில் கட்டுண்ட படகு முழுவதும் சுழன்று திரும்பியது. நான் கண்விழித்தபோது தோழர் ஏற்கெனவே அணியத்தில் நின்று சங்கிலியை மேலும் நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கின. நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதினேன்.

வெள்ளி இரவு உணவின்பின் தோழர், நாளை பினாங்குக்குப் படகைச் செலுத்த இயலாது என்றார். எனக்குச் சினம் மூண்டது. வானில் நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிறதே என்றேன். உறவினர் காத்திருப்பர் என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டு மாறலாமா என்றும் கேட்டேன். நாற்பது வருட நட்பில் நான் அவரிடம் பேசிய மிகக் கடுமையான சொல் அது. பெண்கள் இருவரும் பேச்சற்றிருந்தனர்.

அவர் மறுமொழி கூறாது, குறிப்பேட்டை எடுத்து என் முன் விரித்தார். “இது உம்முடைய கையெழுத்துத்தானே? வாசியும்” என்றார். புதன், காலை 5.10, மேற்கிலிருந்து கடுங்காற்று. வெள்ளி, காலை 6.40, மீண்டும் அதுவே. ஒன்றரை மணி நேரம். பின்பு ஒரு தாளில் கணக்கெழுதினார். பினாங்கு ஏறக்குறைய 60 கடல்மைல். பாயும் இயந்திரமும் சேர்ந்தாலும் படகு மணிக்கு ஐந்து கடல்மைலே செல்லும். ஆகப் பன்னிரண்டு மணி நேரம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் மாலை ஏழு மணி. சூரியன் மறைவதோ ஏழரைக்கு. நம் நாடுகளில் அந்திவெளிச்சம் நெடுநேரம் நில்லாது. விடியற்காற்று இரண்டு மணி நேரம் தாமதிக்கச் செய்தால், இறுதி ஏழு மைல்கள் வரை இருளிற் கடக்க வேண்டும். அங்கே விளக்கில்லாத மீன்வலைகள் கிடக்கும். சுற்றிக்கொண்டால் இயந்திரம் நிற்கும். “நான் தனியே என்றால் ஒருவேளை போவேன். உங்களிருவரையும் வைத்துக்கொண்டு போகமாட்டேன்” என்றார். குரலை உயர்த்தவில்லை.

சனி விடிந்தது. காற்று வரவில்லை. வானம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. “பார்த்தீரா?” என்று நான் கேட்கவில்லை, ஆனால் என் முகம் கேட்டிருக்கும். எங்களைக் கூவாத் துறையில் இறக்கி, அப்போது பினாங்குக்கு ஓடிய விசைப்படகில் ஏற்றிவிட்டார். நான் சரிவர விடைபெறவும் இல்லை.

மூன்று மணி நேரத்தில் பினாங்கை நெருங்கினோம். யன்னலூடாகப் பார்த்தேன். நீரெங்கும் சிறு கம்புகளிற் கட்டிய கறுப்புக் கொடிகள். மிதக்கும் பிளாஸ்டிக் கலன்கள். அவையே வலைகளின் அடையாளங்கள். பகலொளியில் எண்ணத் தொடங்கினேன், நாற்பதுக்குமேல் எண்ணவில்லை. இருளில் இவற்றில் ஒன்றேனும் தெரிந்திராது.

காற்று வராமற்போனதனால் அவருடைய தீர்மானம் பிழையாயிற்றா? இல்லை. புயல் வந்திருந்தால் மட்டுமே அவர் செய்தது சரி என்று கொள்வோமாயின், நாம் ஆபத்தை அல்ல, அதிர்ஷ்டத்தையே அளந்தவராவோம். அறிந்தவற்றைக் கொண்டு, அறியும் நேரத்தில் எடுத்த முடிவே முடிவு. இதனை நான் முற்றும் உணர்ந்தது பின்னொரு வருடம். என் பாடசாலை மாணவர்களை ஒரு தீவுக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடாகியிருந்தது. துறையை அடைந்தபோது படகிலிருந்த உயிர்காப்பு அங்கிகள் பிள்ளைகளின் தொகைக்குப் போதவில்லை. சோழகமும் எழத் தொடங்கியிருந்தது. திரும்புவோம் என்றேன். பிள்ளைகள் அழுதனர், கட்டணம் செலுத்திய பெற்றோர் முணுமுணுத்தனர், அன்று அப்படகு போய் நலமே திரும்பியும் வந்தது. முணுமுணுத்தவர்களின் முகங்களில் நான் என் முகத்தையே கண்டேன்.

நேயர்களே, விருந்தோம்பல் என்பது கேட்டதைக் கொடுப்பது மட்டுமன்று. தண்ணீர் எவ்வளவு உண்டு என்பதை ஒளியாமற் சொல்வதும், கூசாமல் விதிகளைக் கற்பிப்பதும், விருந்தினர் கையில் ஒரு வேலையைக் கொடுத்து அவரையும் வீட்டாராக்குவதும் விருந்தோம்பலே. அவர் உயிருக்குக் கேடெனில், அவர் சினத்தையும் பொறுத்துக்கொண்டு இயலாது என்று மறுப்பது அதன் உச்சம். விருந்தினர்க்கும் ஒரு கடமை உண்டு. அந்த மறுப்பை நன்றியோடு ஏற்பதே அது.

அன்றிரவே தோழருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். மறுமொழி இரண்டு வரிகளில் வந்தது. “மீண்டும் வாரும். இம்முறை நாளைக் குறிக்க வேண்டாம்.”